சுனைப் பாறையில் விட்ட திரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். எட்டாவதோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. பேத்தியின் பழைய நோட்டில் இரண்டு முறை ஆரம்பித்து, இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். சாமி காரியத்தில் நடந்த பிசகை வெளியே சொன்னால் குற்றமாகிவிடுமோ என்று ஒரு பயம். நான் செய்யவிருந்த சின்னத்தனத்தை என் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறதே என்று ஒரு வெட்கம். போன கார்த்திகையன்று விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தபோது, இனியும் எழுதாமல் இருப்பதுதான் குற்றம் என்று மனதில் பட்டது. முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருமயத்துக்கு மேற்கே இருக்கிறது. ஊருக்குப் பின்னால் ஒரு மலை. மலை என்று சொன்னால் பழனிக்காரர்கள் சிரிப்பார்கள், அவ்வளவு உயரந்தான். எங்களுக்கு அது மலை. உச்சியில் ஒரு வேல், வேலுக்கு முன்னால் கல்தூண், தூணின் தலையில் கார்த்திகை விளக்கு எரிக்கிற இரும்புக் கொப்பரை. தூணுக்குச் சற்றுக் கீழே, பாறை ஒதுக்கில் ஒரு சின்னக் கட்டடம். நான்கு பக்கமும் கல்சுவர், மேலே நாட்டோடு. அதை மேல்மடம் என்போம்.

மேல்மடத்துக்குக் காவல் கிடையாது, பூசாரி கிடையாது, பூட்டும் கிடையாது. கதவில் ஒரு நாதாங்கி, அவ்வளவுதான். ஆடு மேய்க்கிறவர், தேன் எடுக்கிறவர், வேண்டுதலுக்கு ஏறியவர் யாராக இருந்தாலும் மழை வந்தால் உள்ளே போய்ப் படுக்கலாம். உள்ளே ஒரு மண்பானையில் அரிசி, ஒரு சிரட்டையில் உப்பு, மூலையில் விறகு, மாடத்தில் தீப்பெட்டி இருக்கும். முந்தி வந்தவர் வைத்துவிட்டுப் போனது அது. நாம் எடுத்துப் பொங்கிச் சாப்பிடலாம். போகும்போது அடுத்தவருக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். வைத்தார்களா இல்லையா என்று பார்க்க ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் பானை காலியாக இருந்ததை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கார்த்திகை விளக்குக்கு எங்கள் ஊர் எண்ணெய், பக்கத்து ஊர் திரி. ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஊரில் ஒரு வீடு, அந்த ஊரில் ஒரு வீடு என்று முறை வரும். இரண்டு வீட்டுக்கும் கொண்டான் கொடுத்தான் உறவு இருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. இரண்டு ஆள் மட்டும் ஏறுவார்கள். பொழுது இறங்க விளக்கை ஏற்றி, விடிகிறவரைக்கும் மேல்மடத்தில் தங்கி, மாற்றி மாற்றி எழுந்து எண்ணெய் ஊற்ற வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாதி மலையில் ஒரு சுனை. அங்கே இருவரும் குளித்துவிட்டுச் சுமையை மாற்றிக்கொள்ள வேண்டும். எண்ணெய் கொண்டுவந்தவர் திரியை வாங்கிக்கொள்வார், திரி கொண்டுவந்தவர் எண்ணெயை வாங்கிக்கொள்வார். கொடுக்கிறவர் “இனி ஒங்க பொறுப்பு” என்பார். வாங்குகிறவர் “ஏத்துக்கிட்டேன்” என்பார். இரண்டு ஊரில் எந்த ஊரும் விளக்கு என்னுடையது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் அப்படி வைத்திருக்க வேண்டும்.

எங்கள் ராஜாவின் சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அந்த வருஷம் எண்ணெய் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. திரி முறை என் மனைவி பிறந்த வீட்டுக்கு, அதாவது என் மச்சானுக்கு. மச்சான் என் மனைவிக்கு அண்ணன். நானும் அவரும் பேசி அப்போது மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பேச்சு நின்ற காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் மகள் பிறந்தது என் மனைவியின் தாய்வீட்டில். பிறந்த சேதி எனக்குச் சந்தையில், புளி வாங்க வந்த ஆள் வாயிலிருந்து தெரிந்தது. அப்பனுக்குக் கடைசியில்தானா சேதி என்று எனக்கு ஆங்காரம். நேரே போய், கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்தேன். மச்சான் கூடியிருந்தவர்கள் முன்னால், “மாப்ளைக்குத் தந்தி அடிச்சிருக்கணும், நமக்கு அந்தப் படிப்பு இல்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவன்தான்.

பெரியவர்கள் பட்ட ரோஷத்துக்குச் செலவு என் மகள் காது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவது. வயது மூன்று முடிந்தும் பிள்ளைக்குக் காது குத்தவில்லை. என் பங்காளிகள் சமாதானமாக, ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை உட்கார வைக்கலாம் என்றார்கள். என் மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “எங்கண்ணன் மடியிலன்னா குத்துங்க. இல்லாட்டி அவ மூளிக் காதாவே வளரட்டும்.” ஆனால் தண்ணீர்த் துறையில் மற்றப் பெண்கள் கேட்பதை இரவில் என்னிடம் சொல்லி அழுவாள். “ஒம்மக காத மியூசியத்துல வைக்கப் போறியாடின்னு கேக்குறாளுக” என்று சொன்ன நாளில் அவள் சாப்பிடவே இல்லை.

கார்த்திகையன்று காலையில் நான் புறப்படும்போது, பொரியும் வெல்லமும் அரிசியும் கட்டிய மூட்டையின் அடியில் ஒரு கோடி வேட்டியை வைத்தாள். கைத்தறி. முனையில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு முடிந்திருந்தது.

“இந்தாங்க, மேல போனதும் இத எங்கண்ணங்கிட்டக் குடுங்க. காது குத்துக்கு வாங்கன்னு ஒங்க வாயால ஒரு சொல்லு சொல்லுங்க. சாமி சன்னிதி, அங்க போயி ஒண்ணும் வீம்பு வேணாம்.”

சரி என்றேன். நடக்கும்போது வேறு நினைத்துவிட்டேன். அவர் வாயைத் திறக்காமல் நான் திறப்பதாவது? வேட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, “ஒங்கண்ணன் வாங்க மாட்டேன்னுட்டார்” என்று சொல்லிவிட்டால் என்ன? இதைத்தான் சின்னத்தனம் என்று மேலே எழுதினேன். விரதம் இருந்து, விபூதி பூசி, சாமிக்கு எண்ணெய் சுமந்துகொண்டு போகிறவன் மனதில் ஓடிய யோசனை இது.

மலையடியில் மச்சான் நின்றிருந்தார். வாழைமட்டையில் வைத்துக் கட்டிய திரியைத் தலையில் வைத்திருந்தார். அவர்கள் ஊர்ப் பெண்கள் ஒன்பது நாள் ஒருபொழுது இருந்து முறுக்கிய திரி, கையளவு கனம். இரண்டு பேரும் பேசாமல் ஏறினோம். அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். அவர் பாறையில் வழுக்கினார், நான் கேட்கவில்லை. எனக்கு இருமல் வந்தது, அவர் திரும்பவில்லை.

சுனையில் குளித்தோம். எண்ணெய்க் குடத்தைப் பாறைமேல் வைத்துவிட்டு, நான் வேட்டி பிழிவதற்குப் பாறைக்கு அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது எண்ணெய்க் குடத்தைக் காணோம். மச்சான் அதைத் தூக்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தார். பார்த்தீர்களா, கைமாற்றிக்கொள்ளக்கூட மனதில்லாமல் திரியையும் எண்ணெயையும் ஒருவராகவே சுமந்துகொண்டு போகிறார், என்ன திமிர் என்று நினைத்தேன். அவர் நினைத்தது வேறு. பாறையில் மாடம் மாதிரி ஒரு பிறை இருக்கிறது. திரியை அதில் பத்திரமாக வைத்தால் நான் எடுத்துக்கொண்டு வருவேன் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். “இனி ஒங்க பொறுப்பு” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல்லுக்கும் மூன்று வருஷ வைராக்கியம் இடம் கொடுக்கவில்லை.

நான் உச்சிக்கு வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை, சாய்த்து அடித்தது. இருவரும் மேல்மடத்துக்குள் ஓடினோம். அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. பிற்பகல்வரை அடித்து ஓய்ந்தது. வெயில் மேற்கே சரிந்துவிட்டது. மச்சான் எழுந்து வெளியே போய்க் கொப்பரையில் தேங்கிய தண்ணீரை இறைத்துத் துடைத்தார். எண்ணெய்க் குடத்தைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“திரி எங்க மாப்ள?”

மூன்று வருஷம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

“ஒங்ககிட்டல்ல இருக்கு” என்றேன்.

“பெறையில வச்சுட்டு வந்தேன்ல?”

“எங்கிட்டச் சொன்னீங்களா?”

“நீங்க கேட்டீங்களா?”

பிறகு இருவருமாகக் கீழே ஓடினோம். ஈரப் பாறையில் எப்படி விழாமல் இறங்கினோம் என்பது முருகனுக்குத்தான் தெரியும். பிறையில் வாழைமட்டை மட்டும் கிடந்தது. திரி மழைத் தண்ணீரோடு வழிந்து சுனைக்குள் போய், பாசியோடு பாசியாக ஊறிக்கிடந்தது. மச்சான் இறங்கி எடுத்தார். பிழியப் பிழியச் சேறு வந்தது. அதை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். எண்ணெயில் தோய்க்கிற பொருளா அது? நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

கீழே ஊர்களைப் பார்த்தால் ஓடுகள் மேல் புகை தெரிந்தது. மலைமேல் விளக்குத் தெரிந்த பிறகுதான் இரண்டு ஊரிலும் வாசலில் விளக்கு வைப்பார்கள், விரதம் விடுவார்கள். பிள்ளைகள்கூட அதுவரை பொரி உருண்டையில் கை வைக்காது.

மேலே ஏறி வந்ததும் மச்சான், “கோடித்துணி இருந்தா முறுக்கிடலாம். கட்டின துணியச் சாமிக்கு எரிக்கக் கூடாது” என்று சொல்லித் தன் மூட்டையைப் பிரித்தார். பழைய துண்டு ஒன்று, போர்வை ஒன்று, அரிசி, பொரி. அவ்வளவுதான். என் மூட்டையை அவர் கேட்கவில்லை. கேட்கிற உறவு எங்களிடம் அப்போது இல்லை.

நான் என் மூட்டைமேல் கையை வைத்தேன். என் மூட்டைக்குள் இருப்பது எனக்குத் தெரியும். எடுத்தால் மஞ்சள் முனை காட்டிக்கொடுத்துவிடும். எடுக்காவிட்டால் இரண்டு ஊர் இருட்டில் இருக்கும். எதிரே நின்ற வேலை ஏறிட்டுப் பார்த்தேன். பிறகு மூட்டையைப் பிரித்து வேட்டியை எடுத்து நீட்டினேன்.

மச்சான் வாங்கி முனையைப் பார்த்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே வெற்றிலை பாக்கு.

“இது யாருக்கு மாப்ள?”

“ஒங்களுக்குத்தான். ஒங்க தங்கச்சி குடுத்து விட்டுச்சு.”

“காலையில ஏறுனோம். இப்பப் பொழுது போகப் போகுது. எப்பக் குடுக்குறதா இருந்தீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்னால் வேல் இருந்தது. “குடுக்குறதா இல்ல மச்சான். நீங்க வாங்க மாட்டேன்னுட்டீங்கன்னு சொல்லத் திரும்பக் கொண்டு போறதா இருந்தேன்” என்றேன்.

அவர் அடித்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ வெற்றிலை பாக்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். வேட்டியை ஒரு தடவை தோளில் போட்டுக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார்.

“வாங்கிக்கிட்டேன். இனி இது என் வேட்டி. என் வேட்டியக் கிழிக்க ஒங்களக் கேக்க வேண்டியதில்ல” என்று சொல்லிவிட்டு, விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்தார். பாதி வேட்டி நீளமாகக் கிழிந்து வந்தது.

“என்னா கஞ்சி போட்டுருக்கான், தகரம் மாதிரி. இதுல எண்ணெய் ஏறாது. சும்மா நிக்காம அந்த முனையப் புடிச்சுக் கசக்குங்க.”

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கஞ்சி உதிர உதிரக் கசக்கினோம். பிறகு அவர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து முறுக்கினோம். நான் ஒரு பக்கமாக முறுக்க, அவரும் அதே பக்கமாக முறுக்க, பிரிந்து பிரிந்து போனது. “மாப்ள, மூணு வருசமா எதிர்ப்பக்கமே போனீங்க, இப்ப மட்டும் ஏன் எங்கூடவே வாரீங்க? அங்கிட்டுத் திருப்புங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

திரியை இலுப்பெண்ணெயில் முக்கி ஊறவிட்டு, கொப்பரையில் வைத்து, கர்ப்பூரத்தால் ஏற்றினோம். முதலில் பொரிந்தது, புகைந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் கீழே எங்கள் ஊரில் ஒரு புள்ளி, அவர்கள் ஊரில் ஒரு புள்ளி, அப்புறம் வரிசை வரிசையாக. இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எனக்குச் சாமி கும்பிடும்போது வழக்கமாக எதையாவது கேட்கத் தோன்றும். அன்றைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மேல்மடத்தில் அடுப்பு மூட்டினோம். முந்தி வந்தவர் வைத்திருந்த விறகு காய்ந்து நன்றாக இருந்தது. பானை அரிசியில் அந்த ஆளே வரமிளகாயும் நாலு பொதிந்து வைத்திருந்தார். யார் பெற்ற பிள்ளையோ என்று மச்சான் வாழ்த்தினார். கஞ்சி கொதிக்கும்போது நான் பழைய பேச்சை எடுத்தேன். பிள்ளை பிறந்த சேதி சந்தையில் தெரிந்ததைச் சொன்னேன்.

“சைக்கிள எடுத்துக்கிட்டு நாந்தான் வந்தேன் மாப்ள. பாதியில டயர் வெடிச்சுப்போச்சு. தள்ளிக்கிட்டே வந்து சேர்ந்தா, நீங்க சந்தைக்குப் போயிட்டீங்கன்னாக. திரும்பவும் தள்ளிக்கிட்டே போனேன். போயிப் பாத்தா, நீங்க காப்பியத் தொடாம மொகத்த முழ நீளம் வச்சுக்கிட்டு உக்காந்துருக்கீங்க. எனக்குக் கோவம் வருமா வராதா?”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“கேட்டாத்தான சொல்லுவேன்? கேக்காதவுகளுக்கு என்னத்தச் சொல்றது?”

அவர் எங்கள் ஊருக்கு வந்துபோனதை வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் விசாரிக்கவில்லை. கோபத்தில் இருப்பவனுக்கு விசாரிப்பது அவமானமாக இருக்கிறது.

வேட்டி தந்தாயிற்று, மனைவி சொன்ன சொல் பாக்கி இருந்தது. கரண்டியை வைத்துக்கொண்டு கஞ்சியைக் கிண்டிக் கிண்டி, “தை மாசம் மச்சான், வந்து” என்று ஆரம்பித்தேன்.

“தை மாசத்துக்கு என்ன? வருசா வருசம் வருமே.”

“எம்மகளுக்குக் காது குத்தணும். நீங்க மடி குடுக்கணும்.”

“நாள் பாத்தாச்சா?”

“இன்னும் இல்ல.”

“நாளே பாக்காமக் கூப்புடுறீங்க. ஏன், நாளப் பாத்துட்டா அதுக்குள்ள மறுபடியும் சண்ட வந்துருமுன்னா?” என்றவர், சட்டென்று குரல் மாறி, “வாரேன் மாப்ள. எம்மடிய எங்கயும் அடகு வைக்கல. மூணு வருசமாக் காலியாத்தான் கெடக்கு” என்றார்.

விடிகிறவரை மாற்றி மாற்றி எண்ணெய் ஊற்றினோம். விளக்கு நின்றது. விடிந்ததும் இரண்டு வீட்டு அரிசியையும் பானையில் கொட்டினோம். ஈர விறகைப் பொறுக்கிவந்து, உலரும்படி உள்ளே அடுக்கினோம். சேறுபட்ட அந்தத் திரியை மச்சான் சுனை ஓரத்தில் கும்பிட்டுப் புதைத்தார். “இது ஊர்ல தெரிய வேணாம். ஒம்போது நாளு பட்டினி கெடந்து முறுக்குன பொம்பளைக மனசு நோகும்” என்றார். அதுவும் சரியாகப் பட்டது.

மலையடியில் என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செம்பில் பாலோடு நின்றாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

“என்னாத்தா அப்புடிப் பாக்குற? ஏறின ஒடனே மாப்ள வேட்டியக் கையில குடுத்து, வந்துருங்கன்னு சொல்லிட்டாரு. நாந்தான் கவனக்கொறவாத் திரியத் தண்ணியில விட்டுட்டேன். பாதிய அதுக்குக் கிழிச்சுட்டேன். யாருகிட்டயும் சொல்லாத” என்றார்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அதுவரை அப்படி ஒரு பார்வை நான் வாங்கியதில்லை. அதற்குப் பாத்தியதை எனக்கு இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு நின்றேன். மச்சான் பிள்ளையைக் கையில் வாங்கி, இரண்டு காதையும் இழுத்துப் பார்த்து, “எந்தக் காதுடி மொதல்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கைக்குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவருடைய மருமகளை அவர் தூக்கியது அன்றைக்குத்தான்.

தையில் அடிவாரத்துக் கோயிலில் காது குத்தினோம். மாமன் மடியில் உட்கார்ந்தவள், ஆசாரி ஊசியை எடுத்ததும் அவர் கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்துவிட்டாள். அவர் அசையவில்லை, மடியையும் விலக்கவில்லை. “அப்பன் மாதிரியே ரோசக்காரி” என்று மட்டும் சொன்னார். பல் பதிந்த தடம் கடைசிவரை அவர் விரலில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மகளிடம் அதைக் காட்டி, “மருந்துச் செலவு பாக்கி” என்பார்.

மச்சான் இப்போது இல்லை. அவர் இருக்கும்போதே என் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று பலமுறை கேட்டேன். “இருந்துட்டுப் போகட்டும் மாப்ள, நல்ல பேரு வந்தா கசக்குதா?” என்று தடுத்துவிட்டார். என் மனைவி எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இதைப் படித்து இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும். கோபித்துக்கொண்டால் சரிதான்.

எங்கள் பக்கத்தில் இப்போது இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். மறு வருஷம் ஏறியவர்கள் கொப்பரையில் கருகாத மஞ்சள் துணி முனை ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள். திரி தவறிய சேதியும் எப்படியோ வெளியே கசிந்து, திரி இல்லாமல் போனபோது முருகனே மஞ்சள் துணி தந்தான் என்று பேச்சு வளர்ந்துவிட்டது. முருகன் தரவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் அந்தத் துணி என் மூட்டையில் நான் ஒளித்து வைத்திருந்தது, கொடுக்க மனதில்லாதவன் கொடுத்தது. குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பேரை எனக்குத் தந்தவர் என் மச்சான். இதைப் படிக்கிறவர்கள் பிள்ளைகளுக்கோ, மச்சானோடு பேசாமல் இருக்கிற யாருக்காவதோ சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்க வேண்டாம், அவரைச் சாமியாக்கவும் வேண்டாம். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.